எண்ணத் தொடங்கும் மழலை: எண்ணார்வமும் வீட்டுமொழியும்

1. பொருளும் நோக்கமும்

மொழியியல் சொற்பொழிவு என்றதும் ஒலியன், உருபன், தொடரமைப்பு என்பனவற்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றக்கூடும். இரண்டு வயதுக் குழந்தை ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சொல்லத் தொடங்கும்போது அதன் உள்ளத்தில் நிகழ்வது யாது, அருகிலிருக்கும் பெரியவர்கள் செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள்.

இதனை எமக்குத் தந்தவள் எம் பேத்தி. இரண்டு வயதும் சில திங்களும் நிறைந்திருந்த காலத்தில் அவளுக்குப் பொம்மைகளைவிட எண்கள்மீதே நாட்டம் மிகுதி. கூலிமில் எங்கள் வீட்டு வரிசையில் மாலையில் நடத்திச் சென்றால், நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு காரின் எண்பலகைக்கு முன்னும் நின்றுவிடுவாள். கெடா மாநில வண்டிகளுக்குரிய ‘கே’ என்னும் எழுத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் விரலால் தொடுவாள். சுவர்க் கடிகாரம், விசிறியின் திருகு, மருத்துவமனை மின்தூக்கியின் பொத்தான்கள் என எண் எழுதிய எதுவும் அவளுக்கு விருந்து. இத்தகைய ஆர்வம் அரிதன்று. உங்கள் வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் இத்தகைய குழந்தைகளைக் கண்டிருப்பீர்கள்.

அவ்வார்வத்தை வளர்க்க முற்பட்டு யாம் ஒரு தவறு செய்தோம். அதனை உரிய இடத்தில் சொல்வோம். அத்தவறு கற்பித்த பாடமே இவ்வுரையின் சாரம். குழந்தையின் எண்ணார்வம் தொடக்கத்தில் மொழியார்வமே ஆகும். எனவே, வீட்டில் இயல்பாக வழங்கும் மொழியில், கண்முன் உள்ள பொருள்களைச் சுட்டி, உரையாடலின் வழியே அதனை வளர்த்தல் வேண்டும்.

2. சொல்லுதலும் எண்ணுதலும்

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் வினை கணக்கிடுதலையும் குறிக்கும், நினைத்தலையும் குறிக்கும். ‘எண்ணம்’ என இன்று நாம் நினைவுக்கு வழங்கும் சொல்லும் அவ்வேரினதே. எண்ணுதல் ஒரு சிந்தனைச் செயல் என்பதை இச்சொல்லே காட்டுகிறது. ஆயினும், எண்ணுப்பெயர்களை வரிசையாகச் சொல்வது வேறு. பொருள்களை எண்ணுவது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையே பெற்றோர் பலரின் மகிழ்ச்சிக்கும் பின்னர் வரும் ஏமாற்றத்திற்கும் காரணம்.

அளவைப் பற்றிய ஒருவகை உணர்வு பேச்சுக்கு முன்பே குழந்தைக்கு உண்டு. கேரன் வின் என்னும் உளவியலாளர் 1992ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஐந்து மாதக் குழந்தைகளின்முன் ஒரு பொம்மையை வைத்து, திரையால் மறைத்து, திரைக்குப் பின்னே இன்னொரு பொம்மையை வைப்பதைக் காட்டினார். திரையை நீக்கும்போது இரண்டு பொம்மைகள் இருந்ததைவிட, ஒரே பொம்மை இருந்த காட்சியைக் குழந்தைகள் நெடுநேரம் உற்றுப் பார்த்தன. எதிர்பார்த்தது நேராமையால் வந்த வியப்பு அது என்று அவர் விளக்கினார்.

இவ்வுணர்வு மிகச் சிறிய தொகைகளுக்கே தெளிவாகப் பயன்படும். ஏழு வேறு, எட்டு வேறு என்று திட்டமாக அறிய மொழி வேண்டும். அங்குதான் எண்ணுப்பெயர்கள் வருகின்றன. இரண்டு வயதில் குழந்தை அவற்றை ஒரு பாட்டுப்போல் கற்கிறது. ‘ஒண்ணுரெண்டுமூணு’ என்பது அதற்கு ஒரே நீண்ட சொல்லாகவும் இருக்கலாம். பத்துவரை பிழையின்றிச் சொல்லும் குழந்தையிடம் ஒரு தட்டு முறுக்கை வைத்து, ‘எனக்கு மூன்று கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். கைநிறைய அள்ளித் தரும். எம் பேத்தியும் அப்படியே தந்தாள்.

இவ்வாறு ‘இத்தனை கொடு’ என்று கேட்டு ஆராய்ந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. குழந்தை முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருளை மட்டும் அறியும். ஒன்று கேட்டால் ஒன்றே தரும். வேறெதைக் கேட்டாலும் அள்ளித் தரும். சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’ தெளியும். மேலும் சில மாதங்களில் ‘மூன்று’. அதன்பின், பெரும்பாலும் மூன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில், ஒரு தாவல் நிகழ்கிறது. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன பெயரே அத்தொகையின் பெயர் என்பது குழந்தைக்கு விளங்கிவிடுகிறது. ரோச்செல் கெல்மன், கேலிஸ்டல் ஆகிய இருவரும் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எண்ணுதலின் நெறிகளாகக் காட்டியவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்பதும், பெயர்களின் வரிசை மாறாது என்பதும் அவற்றுள் வேறு இரண்டு.

ஆகவே, இரண்டு வயதில் நூறுவரை சொல்லும் குழந்தை நூறுவரை எண்ணத் தெரிந்த குழந்தை அன்று. மூன்று வயதில் ‘மூன்று’ கேட்டால் நான்கு தரும் குழந்தை பின்தங்கிய குழந்தையும் அன்று. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த ஒன்றரை, இரண்டு ஆண்டுத் தொலைவைக் குழந்தை நடந்தே கடக்க வேண்டும். நாம் உடன் நடக்கலாம். தூக்கிச் செல்ல இயலாது.

3. உரையாடலின் பங்கு

உடன் நடத்தல் என்பது யாது? சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லெவினும் அவர்தம் குழுவினரும் 44 குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, குழந்தைகள் 14 மாத வயதாய் இருந்தது முதல் 30 மாதம் ஆகும்வரை ஐந்து முறை வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தனர். ஒவ்வொரு பதிவும் 90 நிமிடம். அந்த ஏழரை மணி நேரத்தில் ஒரு பெற்றோர் பயன்படுத்திய எண்ணுச்சொற்கள் வெறும் 4. இன்னொருவர் பயன்படுத்தியவை 257. எண்ணுச்சொற்களை மிகுதியாகக் கேட்ட குழந்தைகள் நான்கு வயதை நெருங்கும்போது அவற்றின் பொருளை நன்கு அறிந்திருந்தன. இம்முடிவு 2010ஆம் ஆண்டு வெளியாயிற்று. கண்ணுக்குத் தெரியும் பொருள்களைச் சுட்டிய எண்பேச்சே, குறிப்பாக நான்கு முதல் பத்துவரையான தொகைகளைச் சுட்டியதே, பெரிதும் பயன் தந்தது என்பதை அடுத்த ஆண்டு வெளியான தொடராய்வு காட்டியது.

ஆசிரியர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். அட்டையும் திரையும் பயிற்சித்தாளும் இவ்வாய்வில் பேசப்படவில்லை. இட்டிலி தட்டில் விழும்போதும் செருப்பை மாட்டும்போதும் வீட்டார் பேசிய பேச்சே பேசப்பட்டது.

4. தமிழ் எண்ணுப்பெயர்களின் இயல்பு

இனி, அப்பேச்சு தமிழில் நிகழும்போது மொழி தரும் வசதிகளையும் அது கேட்கும் கவனத்தையும் காண்போம்.

முதலாவது, பத்துக்கு மேற்பட்ட பெயர்களின் தெளிவு. ‘பதினொன்று’ என்பதில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாக நிற்கின்றன. ‘பதினான்கு’, ‘பதினைந்து’ என்பனவும் அவ்வாறே. ‘இருபது’ இரண்டு பத்து. ‘முப்பது’ மூன்று பத்து. ஆங்கிலத்தில் ‘இலெவன்’, ‘டுவெல்வ்’ என்னும் சொற்களில் பத்து இருப்பது குழந்தைக்குத் தெரியாது. ‘தர்ட்டீன்’ என்பதிலோ மூன்று முன்னும் பத்து பின்னுமாக வரிசை மாறி நிற்கிறது. சீனமொழியிலும் தமிழைப் போலப் பத்து முன்னே வெளிப்படையாக வரும். சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1995இல் கெவின் மில்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பத்துவரை எண்ணுவதில் இருசாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. பத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள் தடுமாறின. பெயரமைப்பின் தெளிவு கற்றலுக்கு உதவுகிறது என்பது இதனால் பெறப்படும்.

தமிழிலும் விலக்குகள் உண்டு. பன்னிரண்டு அவற்றுள் ஒன்று. குழந்தை ‘பதிரெண்டு’ என்று சொன்னால் சிரிக்க வேண்டா. ‘பதிமூணு’ என்பதைக் கேட்டுத் தானே ஒரு விதியைக் கண்டு பொருத்தியிருக்கிறது. இருபத்தொன்பதுக்குப் பின் ‘இருபத்திப் பத்து’ என்று சொல்லும் குழந்தையும் அத்தகையதே. வாய்பாடாக ஒப்பிக்கும் குழந்தை இத்தகைய பிழையைச் செய்வதில்லை. விதியைத் தேடும் குழந்தையே செய்கிறது.

ஒன்பது தனிக்கதை உடையது. பழந்தமிழில் இவ்வெண்ணுக்குத் ‘தொண்டு’ என்றொரு பெயர் இருந்தது. தொல்காப்பியத்தில் அச்சொல் வழங்குகிறது. இன்றைய ‘ஒன்பது’ ‘பது’ என்னும் பத்தின் வடிவத்தைத் தன்னுள் கொண்டது. பத்துக்கு ஒன்று குறைந்தது என்னும் கருத்தில் அமைந்தது என்பர். மலாய்மொழியின் ‘செம்பிலான்’ என்னும் சொல்லும் ‘எடு’ எனப் பொருள்படும் ‘அம்பில்’ என்னும் வினையடியாக, பத்தில் ஒன்று எடுக்கப்பட்டது என்னும் கருத்தில் பிறந்தது என விளக்குவர். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பெயரில் அவ்வொன்பது இன்றும் வாழ்கிறது. வெவ்வேறு குடும்பத்து இரு மொழிகள் ஒரே வழியில் சிந்தித்திருப்பதை மேல்வகுப்பு மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

இரண்டாவது, பன்மை விகுதி. தமிழ்ப்பேச்சில் அஃறிணைப் பெயர்களோடு ‘கள்’ பெரும்பாலும் வருவதில்லை. ‘மூணு பழம்’ என்கிறோம். ‘மூணு பழங்கள்’ என்பதில்லை. இதனால் விளைவது யாது? இருமை எண்ணைத் தனி வடிவத்தால் காட்டும் ஸ்லோவேனிய மொழியைக் கற்கும் குழந்தைகள் ‘இரண்டு’ என்பதன் பொருளை ஆங்கிலக் குழந்தைகளைவிட முன்னரே அறிகின்றனர் என்று 2013இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒருமை பன்மை வேறுபாட்டைப் பெயரில் காட்டாத ஜப்பானிய மொழியில் முதல் எண்களின் பொருள் சற்றுத் தாழ்ந்து தெளிகிறது என்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அளவைப் பற்றிய குறிப்பைச் சொல்வடிவமும் குழந்தைக்குத் தருகிறது என்பதே இவற்றின் கருத்து. தமிழ்ப்பேச்சில் அஃறிணைப் பெயர் அக்குறிப்பைத் தருவது குறைவு. எனவே எண்ணுச்சொல்லை நாமே வாய்திறந்து சொல்ல வேண்டியதன் தேவை மிகுதி. ‘செருப்பை எடு’ என்பதைவிட ‘ரெண்டு செருப்பையும் எடு’ என்பது நன்று.

மூன்றாவது, திணை. ‘மூணு நாய்’ என்போம். மக்களைச் சுட்டும்போது ‘மூணு பேர்’ என்போம். எழுத்துவழக்கில் ஒருவர், இருவர், மூவர், நால்வர் எனத் தனி வரிசையே உண்டு. வேறெந்தப் பாடத்திற்கும் முன்பாகவே குழந்தை எண்ணுச்சொல்லின் வழியாக உயர்திணை, அஃறிணை வேறுபாட்டைக் கேட்டுப் பழகுகிறது.

5. மும்மொழிச் சூழல்

கூலிமில் ஒரு தமிழ்க் குழந்தை மூன்று மொழிகளில் எண்களைக் கேட்கிறது. வீட்டில் தமிழ், கடையிலும் சந்தையிலும் ‘சத்து, டுவா, தீகா’, கைப்பேசியிலும் பொம்மையிலும் ‘ஒன், டூ, திரீ’. இம்மூன்றும் குழந்தைக்குச் சுமையாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. யாம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தமிழில் பேசும் வீடுகளிலேயே விலை, நேரம், தொலைபேசி எண், பிறந்த நாள் ஆகியவற்றை ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்வது வழக்கமாகிவிட்டது. ‘ஏழு மணி’ என்பதினும் ‘செவன் ஓ கிளாக்’ எளிதாக வருகிறது. எண்ணுப்பெயர்கள் வீட்டுத்தமிழிலிருந்து சந்தடியின்றி விலகுகின்றன.

‘கணிதம் எப்படியும் ஆங்கிலத்திற்குத்தானே போகப் போகிறது’ என்பது பெற்றோர் கூறும் காரணம். இவ்வெண்ணத்திற்கு வரலாறு உண்டு. 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் தெரிந்தெடுத்த பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. இருபது ஆண்டுகளுக்குள் நேர்ந்த இம்மாற்றங்களைக் கண்ட பெற்றோர், முன்னெச்சரிக்கையாக இரண்டு வயதிலேயே ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர்.

அவர்களுக்குச் சொல்லத்தக்க விடை ஒன்று உண்டு. இருமொழிக் குழந்தைகள் எண்ணுப்பெயர்களைக் கற்பதைப் பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இரு உண்மைகள் தெரியவந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் முதற்சொற்களின் பொருளைக் குழந்தை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே கற்கிறது. ‘கடைசிச் சொல்லே தொகை’ என்னும் நெறியையோ ஒரு மொழியில் உணர்ந்தால் மற்ற மொழிக்கும் கொண்டு செல்கிறது. அதாவது, தமிழில் எண்ணக் கற்ற குழந்தை அந்நெறியை ஆங்கிலத்திற்கும் மலாய்க்கும் எடுத்துச் செல்லும். தமிழில் எண்ணியதால் அதற்கு இழப்பில்லை. ஆனால் ‘டூ’ என்பதை அறிந்த குழந்தைக்கு ‘ரெண்டு’ தானே தெரிந்துவிடும் என்று இருந்துவிட முடியாது. அதனைத் தமிழில்தான் கொடுக்க வேண்டும்.

6. ‘மூணு’ பிழையா?

இனி எம் தவற்றைச் சொல்ல வேண்டிய இடம். பேத்தி ‘மூணு’ என்பாள். யாம் ‘மூன்று’ என்று திருத்துவோம். ‘அஞ்சு’ என்பாள், ‘ஐந்து’ என்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மொழியியல் கற்பித்தவர் வீட்டுக் குழந்தை செந்தமிழில் எண்ண வேண்டும் என்னும் ஆசை. சில கிழமைகள் சென்றன. எம்மிடம் வரும்போது அவள் ‘ஒன், டூ, திரீ’ என்று எண்ணலானாள். பாட்டியிடம் மட்டும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’. ‘தாத்தாகிட்ட ஏன் இப்படி எண்ணுறதில்ல?’ என்று பாட்டி கேட்டதற்கு அவள் சொன்ன விடை: ‘தாத்தா தப்பு சொல்வாங்க.’

தமிழைக் காக்க எண்ணி ஒரு குழந்தையை ஆங்கிலத்தின்பால் தள்ளிவிட்டோம் என்பதை அன்று உணர்ந்தோம். எம் துறையின் அறிவே எமக்கு எதிராக நின்றது. ஏனெனில், பேச்சு வடிவங்கள் சிதைவுகள் அல்ல. ஒழுங்கான ஒலிமாற்றத்தின் விளைவுகள். எழுத்துவழக்கின் ‘ன்ற்’ பேச்சில் குறிலை அடுத்து ‘ண்ண்’ ஆகும். நெடிலை அடுத்து ‘ண்’ ஆகும். ‘ஒன்று’ ஒண்ணு ஆவதும் ‘கன்று’ கண்ணு ஆவதும், ‘மூன்று’ மூணு ஆவதும் ஒரே விதியால். ‘ஐந்து’ அஞ்சு ஆனதும், ‘இரண்டு’ ரெண்டு ஆனதும் தமிழகத்திலும் ஈழத்திலும் மலேசியாவிலும் பரவலாகக் காணும் மாற்றங்களே. வகுப்பறையில் இதனைப் பலமுறை விளக்கிய யாம், வீட்டுத் திண்ணையில் மறந்தோம்.

எழுத்துவழக்கைக் கற்பிக்கத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதற்குரிய வயதும் இருக்கிறது. இரண்டு வயதில் குழந்தைக்கு வேண்டியது, தான் சொன்னதைக் கேட்டு மகிழும் ஒருவர். வீட்டில் ‘மூணு’ என்று பொருளறிந்து பழகிய குழந்தைக்கு முதலாம் ஆண்டில் ‘மூன்று’ கற்பிப்பது எளிது. ‘திரீ’ மட்டுமே அறிந்த குழந்தைக்கு அது புதிய சொல்.

7. தோட்டத்துக் கணக்கும் திண்ணைக் கணக்கும்

எம் துணைவியார் இவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். எண் என்பது அங்கே நாள்தோறும் காதில் விழுந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். நிரைநிரையாக மரங்களை எண்ணிப் பிரித்துக் கொடுப்பார்கள். மங்குப் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் நிறுப்பார்கள். கிராணி செக்ரோலில் எழுதும் வேலை நாள்களை, எழுதப்படிக்கத் தெரியாத தாய்மாரும் தம் நினைவில் எண்ணி வைத்திருப்பார்கள். கணக்குத் தவறினால் கூலி குறையும். ஆயாக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும் குழந்தை இப்பேச்சுகளிடையே வளர்ந்தது. அவ்வாழ்வின் துன்பங்களை யாம் மறக்கவில்லை. அவை மீள வேண்டுமென்று விரும்பவுமில்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பெற்றது. அங்கே வேலைக்குச் செல்லும் இளம் பெற்றோரின் வீட்டில் கணக்கைக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. குழந்தை எண்ணைக் கேட்கும் தருணங்கள் குறைந்துவிட்டன. அவற்றை நாம் அறிந்தே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இதற்கும் முந்தியது தமிழகத்துத் திண்ணைப் பள்ளி. அங்கே எண்சுவடி மனப்பாடமாயிற்று. காலும் அரையும் முக்காலும் மட்டுமன்றி, எட்டில் ஒன்றாகிய அரைக்கால், பதினாறில் ஒன்றாகிய மாகாணி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, 320இல் ஒன்றாகிய முந்திரி எனக் கீழ்வாயிலக்கம் விரிந்தது. நெல் அளப்பதிலும் நிலம் அளப்பதிலும் அவை பயன்பட்டன. அக்கல்வியின் மனப்பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பயன்பாட்டை விட்டுவிட்டு, அதனை இரண்டு வயதுக் குழந்தைமேல் ஏற்றுவது பொருந்தாது. திண்ணைப் பள்ளிக்குச் சென்றவர்கள் அவ்வயதைக் கடந்த சிறுவர்கள்.

8. வீட்டில் செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெற்றோர்க்குச் சொல்லத்தக்கவை இவை.

(1) தொகையைச் சொல்லி எண்ணுக. எண்ணியபின் மீண்டும் தொகையைச் சொல்லுக. ‘மூணு இட்டிலி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இட்டிலி.’ கடைசிச் சொல்லுக்கும் தொகைக்கும் உள்ள தொடர்பு இதனால் காதில் பதியும்.

(2) எண்ணும்போது பொருளைத் தொடுக அல்லது நகர்த்துக. குழந்தையின் நாக்கு விரலைவிட விரைவாக ஓடும். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

(3) ‘எத்தனை?’ என்று ஓயாமல் கேட்டுத் தேர்வு வைக்க வேண்டா. வேலை கொடுங்கள். ‘அப்பாவுக்கு ரெண்டு பிஸ்கட் கொண்டு போய்க் கொடு.’ தவறினால் நாமே சேர்ந்து எண்ணிக் காட்டினால் போதும்.

(4) ஒன்று, இரண்டோடு நின்றுவிடாமல், படிக்கட்டு, சட்டைப் பொத்தான், துணி கொடிக் கவ்விகள் என நான்கு முதல் பத்துவரையான தொகைகளையும் எண்ணிக் கேட்பியுங்கள்.

(5) எண்ணின்மையையும் சொல்லுங்கள். தட்டு காலியானதும் ‘ஒண்ணும் இல்ல’ என்கிறோம். ‘ஒன்றும் இல்லை’ என்னும் அத்தொடருக்குள் ‘ஒன்று’ இருக்கிறது. சுழியத்தை அறிமுகம் செய்ய இதைவிட எளிய வழி இல்லை. ‘அரை தோசை’, ‘பாதி வாழைப்பழம்’ என்னும் சொற்களும் அவ்வாறே பயன்படும்.

(6) கோலப் புள்ளி, பல்லாங்குழி, ஐந்தாங்கல் ஆகியன மூத்த பிள்ளைகளுக்கு ஏற்றவை. அண்டைவீட்டு மலாய்க் குழந்தைகளின் சொங்காக்கும் பத்து செரம்பானும் இவற்றின் உறவினவே, சேர்ந்து ஆடலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, சோழி, கல் ஆகியவற்றைத் தனியே விடுதல் கூடாது. வாயில் போட்டுக்கொண்டால் மூச்சடைக்கும். அவ்வயதுக்குப் பெரிய மூடிகளும் கரண்டிகளும் போதும்.

(7) குழந்தை எழுந்து போனால் விட்டுவிடுங்கள். ஆர்வம் அதனுடையது, தொடங்கும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் அதற்கே உண்டு.

கைப்பேசிக் காணொளிகளைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை ஏற்றதன்று, இரண்டு வயது முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணிநேரத்திற்கு மிகாமல் இருத்தல் வேண்டும், குறைந்தால் நன்று. திரை பாடும், குழந்தை அள்ளித் தந்த முறுக்கை வாங்கிக்கொண்டு மறுபடி எண்ணிக் காட்ட அதனால் இயலாது.

9. ஆசையும் எச்சரிக்கையும்

குழந்தை எண்களில் ஆர்வம் காட்டியதும் ‘இன்னொரு இராமானுசன்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் மூன்று வயதுவரை சரிவரப் பேசவில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய இராபர்ட் கனிகல் குறிப்பிடுகிறார். மழலைப் பருவத்தில் எண்ணைச் சொல்வதும் சொல்லாததும் பிற்காலத்திற்குச் சோதிடம் ஆகா.

விழா ஒன்றில் மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனை மேடையேற்றி ஐம்பதுவரை சொல்லச் சொன்னதை யாம் கண்டோம். பதினேழில் நின்றான், ஒலிவாங்கியைப் பார்த்தான், அழுதான். கூட்டம் அன்போடுதான் சிரித்தது. ஆயினும் அவனுக்கு அந்தச் சிரிப்பின் வகை தெரியாது. ஆர்வம் காட்சிப்பொருளாகும்போது அது குழந்தையினுடையதாக இருப்பதில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எண்ணார்வம் தன்னளவில் நோய்க்குறி அன்று. ஆனால் எண்களில் மிகுந்த ஈடுபாட்டோடு, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டாமை, கண்ணோக்கிப் பழகாமை, முன்பு பேசிய சொற்கள் மறைதல் ஆகியனவும் சேர்ந்து காணப்பட்டால், காலந்தாழ்த்தாமல் அரசு நலவாழ்வு நிலையத்தையோ குழந்தை மருத்துவரையோ அணுகி வளர்ச்சிப் பரிசோதனை செய்தல் வேண்டும். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. முன்கூட்டி அறிந்தால் உதவியும் முன்கூட்டிக் கிடைக்கும்.

10. நிறைவு

ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் இரண்டு. பாலர் பள்ளியிலோ முதலாம் ஆண்டிலோ ஒரு குழந்தை ‘அஞ்சு’ என்று சொன்னால், முதலில் அது ஐந்து பொருள்களைச் சரியாக எடுத்துத் தந்ததா என்று பாருங்கள், தந்திருந்தால் பாராட்டுங்கள், ‘ஐந்து’ என்பதைப் பிறகு, மற்றொரு சொல்லாக, அறிமுகம் செய்யுங்கள். பெற்றோர் சந்திப்பில் புள்ளிகளைப் பேசும்போது, வீட்டில் மணியையும் விலையையும் தமிழில் சொல்லுமாறு ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டில் ஒரு மாலைப்பொழுதில் பேசப்படும் எண்ணுச்சொற்களைக் குறித்து, எந்த மொழியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நல்லதொரு மொழியியல் ஆய்வு அங்கிருந்து தொடங்கலாம்.

எம் பேத்தியின் செய்தியையும் கூறி முடிக்கிறோம். திருத்துவதை விட்டுவிட்டு, பாட்டி பழைய பால் மங்குகளில் நாற்று வைக்கும் இடத்தில் யாமும் சென்று அமர்ந்தோம். அவள் எண்ணும்போது ஆறைத் தாவி ஏழுக்குப் போனால் ஒன்றும் சொல்வதில்லை. சற்றுப் பொறுத்து, எம் முறைக்கு, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று மங்குகளைத் தொட்டு யாமே எண்ணுவோம். எம்மிடம் தமிழில் எண்ண அவளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. இப்பொழுது அவளுக்கு நான்கு வயது. அண்மையில் ஒருநாள் இரவுணவுக்கு நான்கு தட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு வாசலில் காலணிச் சத்தம் கேட்டு, ‘மாமா வந்துட்டாங்க, அஞ்சு தட்டு’ என்று சொல்லி இன்னொன்றை எடுக்க ஓடினாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை. யாம் திருத்தவும் இல்லை.